தலை எண்ணிய பிறகு தலைப்பு: எம்.எஸ்சி நர்சிங் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எம்.எஸ்சி நர்சிங் சேர்ந்த முதல் சில மாதங்களிலேயே 'டாபிக் என்ன?' என்று கைடு கேட்க ஆரம்பித்துவிடுவார். உடனே பலரும் நூலகத்துக்குப் போய்ப் பழைய தீசிஸ்களைப் புரட்டி, நோயின் பெயரையும் ஊரின் பெயரையும் மாற்றி ஒரு தலைப்பை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். 'இன்னாரிடையே இன்னது குறித்த அறிவில், திட்டமிட்ட கற்பித்தலின் பயன்' என்ற வாய்ப்பாட்டில் ஆயிரக்கணக்கான தீசிஸ்கள் அலமாரியில் இருக்கின்றன. ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு ஏழாம் நாள் அதே கேள்வித்தாளைக் கொடுத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவையில்லை.

படுக்கையருகே செவிலியர் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, எண்ணால் குறிக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது: கையில் போட்ட ஐவி கேனுலா (மருந்து ஏற்றச் செருகும் மெல்லிய குழாய்) இருக்கும் இடத்தில் வரும் நரம்பு வீக்கம், அதாவது ஃப்ளெபைடிஸ் (பேச்சில் நரம்பு என்றாலும், இங்கே அது ரத்தம் ஓடும் சிரைதான்). எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது, மருந்து கம்பெனி தயவு வேண்டாம், செவிலியரின் வேலையோடு நேரடித் தொடர்புடையது.

முதலில் வார்டுக்குப் போய் எண்ணுங்கள்

தலைப்பு எழுதும் முன் ஒரு வாரம் வார்டில் எண்ணிக்கை எடுங்கள். அட்மிஷன் பதிவேட்டைப் பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும். மூன்று எண்கள் போதும்: ஒரு நாளைக்குப் புதிதாக எத்தனை பேருக்குக் கேனுலா போடுகிறார்கள், அதில் எத்தனை பேர் உங்கள் நிபந்தனைக்குள் வருவார்கள், அவர்களில் எத்தனை பேர் மூன்று நாளாவது வார்டில் இருப்பார்கள்.

நாளைக்கு 6 பேர் தகுதியாகக் கிடைக்கிறார்கள், அதில் பாதிப் பேர் சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகிறார்கள் அல்லது சம்மதிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 3. டேட்டா எடுக்கப் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம்தான் கிடைக்கும். 30 நாளுக்கு 90 பேர். உங்கள் கையிருப்பு இவ்வளவுதான். இதற்குள் பதில் சொல்லக்கூடிய கேள்வியைத்தான் கேட்க முடியும். தலைப்பை முதலில் வைத்துவிட்டு ஆளைத் தேடி அலைபவர்கள், கடைசி வாரத்தில் அடுத்த வார்டு, அடுத்த ஆஸ்பத்திரி என்று ஓடி, நிபந்தனைக்குள் வராதவர்களையும் சேர்த்துக்கொள்வதைத் தவிர வழியில்லாமல் போகிறது.

சாம்பிள் எத்தனை: கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

'60 பேர் போதும், எல்லாரும் 60தான் எடுப்பார்கள்' என்ற பேச்சை நம்பாதீர்கள். ஆய்வின் நெறிமுறையைப் பார்த்து ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டியில் முதல் கேள்வியே இதுதான் வரும்.

எத்தனை சதவீதம் பேருக்கு ஃப்ளெபைடிஸ் வருகிறது என்று மட்டும் கண்டறியும் விவரண ஆய்வு என்றால், 1.96இன் வர்க்கத்தை (3.84) எடுத்து, அதை எதிர்பார்க்கும் விகிதத்தாலும் மீதி விகிதத்தாலும் பெருக்கி, ஏற்கும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். முந்தைய ஆய்வுகளைப் படித்து 30 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 10 சதவீதப் புள்ளி பிழைக்கு 3.84 × 0.3 × 0.7 ÷ 0.01 = 80.6. அதாவது 81 பேர். பத்துப் பேரில் ஒருவர் நடுவில் விலகுவார் என்று கொண்டால் 81ஐ 0.9ஆல் வகுங்கள்: 90. (81உடன் பத்து சதவீதத்தைக் கூட்டுவது பரவலான தவறு. அப்படிச் செய்தால் 89தான் வரும். சிறிய எண்ணில் வித்தியாசம் தெரியாது, 400 பேர் தேவைப்படும் ஆய்வில் நன்றாகத் தெரியும்.)

அதே வார்டில், புதிய பராமரிப்பு முறை ஒன்று ஃப்ளெபைடிஸை 40 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்குமா என்று இரு குழுக்களை ஒப்பிட ஆசைப்படுகிறீர்கள் என்று வையுங்கள். 80 சதவீதப் பவருக்கு, அதாவது உண்மையில் வேறுபாடு இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் (அதற்கான எண் 1.96 + 0.84இன் வர்க்கம், 7.84), 7.84 × (0.4 × 0.6 + 0.2 × 0.8) ÷ (0.2 × 0.2) = 78.4. ஒரு குழுவுக்கு 79, விலகல் சேர்த்தால் 88, இரு குழுவுக்கும் 176. உங்கள் கையில் இருப்பது 90. எனவே அந்த ஆய்வு இந்த வார்டில் இந்த நாட்களுக்குள் நடக்காது. அரை அளவு சாம்பிளை வைத்துச் செய்துவிட்டு, 'வேறுபாடு இல்லை' என்று எழுதுவது பராமரிப்பு முறைக்கும் அநியாயம், படிப்பவருக்கும் அநியாயம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே வார்டில் இரு குழு வைத்தால், புதிய முறையைக் கற்றுக்கொண்ட ஸ்டாஃப் நர்ஸ் கட்டுப்பாட்டுக் குழு நோயாளிக்கும் அதையேதான் செய்வார். கையைக் கட்டிவைக்க முடியாது. ஆகவே நம் உதாரணத்தில் விவரண ஆய்வையே எடுத்துக்கொள்கிறோம். 'எக்ஸ்பெரிமென்ட் இல்லையென்றால் மதிப்பில்லை' என்று சொல்பவர்கள் இருப்பார்கள். ஒழுங்காகச் செய்த விவரண ஆய்வு, அரைகுறைப் பரிசோதனையைவிட எவ்வளவோ மேல்.

படிப்பது எப்படி

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம். அதில் வெறும் சொற்களைப் போட்டுத் தேடாமல், மெஷ் தலைப்புச் சொல்லையும் (கட்டுரைகளை வகைப்படுத்த பப்மெட் வைத்திருக்கும் நிலையான சொல்) சாதாரணச் சொல்லையும் 'ஆர்' போட்டு இணையுங்கள். அப்படி ஃப்ளெபைடிஸுக்கு ஒரு தொகுதி, கேனுலாவுக்கு ஒரு தொகுதி. இரண்டையும் 'அண்டு' போட்டுச் சேருங்கள். தேடிய நாள், தேடிய சொற்கள், கிடைத்த எண்ணிக்கை மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. மேற்கோள் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் ஜொடேரோ மென்பொருளை முதல் நாளே நிறுவிக்கொள்ளுங்கள், இதுவும் இலவசம்.

படிக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் எக்செல்லில் ஒரு வரி: நாடு, எத்தனை கேனுலா, எந்த அளவுகோல், எத்தனை மணி நேரம் பார்த்தார்கள், எத்தனை சதவீதம். நாற்பது வரி சேர்ந்ததும் பார்த்தால் சதவீதங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். காரணம் பெரும்பாலும் வரையறைதான்: ஒருவர் லேசான வலியையே ஃப்ளெபைடிஸ் என்று எண்ணியிருப்பார், இன்னொருவர் கயிறு போல் தடித்த பிறகுதான் எண்ணியிருப்பார். இதைக் கண்டு எழுதினாலே உங்கள் இலக்கிய ஆய்வு அத்தியாயத்துக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

டூல் (தகவல் திரட்டும் படிவம்) எழுதும் முன் காலி அட்டவணை

முடிவுகள் அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணைகளை, எண்கள் இல்லாமல், இப்போதே வரைந்துவிடுங்கள். ஃப்ளெபைடிஸ் உண்டு, இல்லை என்று இரு நெடுவரிசை. வரிசைகளில் கேனுலா அளவு (பச்சை 18, பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24), போட்ட இடம் (புறங்கை, முன்கை, முழங்கை மடிப்பு), இருந்த மணி நேரம், ஏற்றிய மருந்து. எந்த அட்டவணையிலும் இடம் பிடிக்காத கேள்வியை டூலிலிருந்து தூக்கிவிடுங்கள். மதம், குடும்ப வகை, மாத வருமானம் எல்லாம் பழைய தீசிஸிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வருபவை. கேனுலா வீக்கத்துக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம்? மாறாக பொட்டாசியம் குளோரைடு, வான்கோமைசின், அமியோடரோன் போன்ற நரம்பை உறுத்தும் மருந்துகள் பட்டியலில் இல்லாவிட்டால் ஆய்வே ஓட்டையாகிவிடும்.

அளவுகோலை நீங்களே உருவாக்க வேண்டாம். விஐபி ஸ்கோர் (விஷுவல் இன்ஃப்யூஷன் ஃப்ளெபைடிஸ்) என்ற, கண்ணால் பார்த்து மதிப்பிடும் அளவுகோல் உலகமெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. 0இலிருந்து 5 வரை. 0 என்றால் இடம் நன்றாக இருக்கிறது. 1 என்றால் லேசான வலி அல்லது லேசான சிவப்பு, கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். 2 வந்தாலே ஆரம்பக்கட்ட ஃப்ளெபைடிஸ், கேனுலாவை எடுத்து வேறிடத்தில் போட வேண்டும். மற்றப் பிரிவுகளில் இருப்பவர்களுக்கும் இதுபோல் ஆயத்த அளவுகோல்கள் உண்டு. படுக்கைப் புண் ஆபத்துக்கு பிரேடன் (6 முதல் 23 வரை, எண் குறையக் குறைய ஆபத்து கூடும், தலைகீழாகப் படித்துவிடாதீர்கள்), பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு எடின்பரோ (10 கேள்வி, 0 முதல் 30 வரை), தாய்ப்பால் ஊட்டலுக்கு லாட்ச் (0 முதல் 10 வரை). அனுமதி தேவையா என்பதை உருவாக்கியவரின் பக்கத்தில் பார்த்து, தேவையென்றால் மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பின்னிணைப்பில் வையுங்கள்.

நீங்களே எழுதும் பகுதிகளுக்குத்தான் வாலிடிட்டி, அதாவது கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். நிபுணர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 4 வரை மதிப்பிடுவார். 3 அல்லது 4 போட்டவர்களின் எண்ணிக்கையை மொத்தத்தால் வகுத்தால் அந்த வரியின் சிவிஐ, அதாவது உள்ளடக்கப் பொருத்தக் குறியீடு. 5 நிபுணர் என்றால் ஐவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். 6 அல்லது அதற்கு மேல் என்றால் 0.78 போதும். ஆறில் ஐந்து 0.83, வைத்துக்கொள்ளலாம். ஏழில் ஐந்து 0.71, திருத்துங்கள் அல்லது நீக்குங்கள். சான்றிதழில் கையெழுத்து மட்டும் வாங்கிவந்து 'வாலிடிட்டி ஆயிற்று' என்பது நடைமுறையில் உண்டு. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் சிவிஐ எவ்வளவு என்று கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ரிலையபிலிட்டியில், அதாவது அளவு நிலையாக வருகிறதா என்று பார்ப்பதில், எதற்கு எது என்பதில்தான் குழப்பம் அதிகம். ஒப்புகிறேன், மறுக்கிறேன் என்ற லிக்கர்ட் வகைக்கு கிரான்பாக் ஆல்ஃபா. சரி, தவறு என்று முடியும் அறிவுக் கேள்விகளுக்கு கேஆர்-20. கண்ணால் பார்த்துக் குறிக்கும் அளவுகோலுக்கு இருவர் தனித்தனியே பார்த்து ஒப்பிட வேண்டும், அதற்கு கோஹன் கப்பா. அவதானிப்புப் பட்டியலுக்கு ஸ்ப்ளிட்-ஹாஃப் (கேள்விகளை இரு பாதியாகப் பிரித்து ஒப்பிடுவது) போட்டு வைத்திருக்கும் தீசிஸ்கள் இருக்கின்றன. அது பொருந்தாது.

கப்பா ஏன் வேண்டும்? நீங்களும் தோழியும் 20 கேனுலாக்களைப் பார்க்கிறீர்கள். 17இல் இருவரும் 'இல்லை', 1இல் இருவரும் 'உண்டு', மீதி 2இல் ஆளுக்கு ஒன்றில் மட்டும் 'உண்டு' என்கிறீர்கள். இருபதில் பதினெட்டு ஒத்துப்போகிறது, 90 சதவீதம். ஆனால் பெரும்பாலும் 'இல்லை' என்று சொல்லும் இருவர், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 82 சதவீதம் ஒத்துப்போவார்கள் (0.1 × 0.1 + 0.9 × 0.9). கப்பா = (0.90 − 0.82) ÷ (1 − 0.82) = 0.44. சுமார்தான். 0.6க்கு மேல் வர வேண்டும். இந்தச் சோதனைக்கு வீக்கம் இருப்பவையும் இல்லாதவையும் ஏறக்குறைய சரிபாதியாகத் தேர்ந்தெடுங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது என்பதுதான் நம் ஊரில் கருத்து வேறுபாட்டுக்கு முதல் காரணம். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், மறு கையின் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள், விரலின் பின்புறத்தால் சூடு பாருங்கள், ஊசி முனையிலிருந்து மேல்நோக்கி நரம்பைத் தடவிப் பாருங்கள். சாதாரண பிளாஸ்டர் இடத்தை முழுக்க மூடியிருந்தால் எதுவும் தெரியாது. கண்ணாடி போன்ற ஒட்டுப் படலம் இல்லாத வார்டு என்றால், பிளாஸ்டரை எப்படி ஒட்டுவது என்று வார்டு சிஸ்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கமிட்டியும் அனுமதியும்

எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேறு, ஆஸ்பத்திரி அனுமதி வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனிடமும், கிராமப்புற ஆய்வென்றால் மாவட்ட சுகாதார அலுவலரிடமும் தனியாகக் கடிதம் வேண்டும். கமிட்டி எப்போது கூடும் என்ற தேதியை முதலில் விசாரியுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017ஆம் ஆண்டு தேசிய நெறிமுறைகளைத்தான் கமிட்டி கையில் வைத்திருக்கும். ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் தமிழில், ஒன்றரைப் பக்கத்துக்குள் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன் வாசித்துக் காட்டி, கைரேகையும் சாட்சியின் கையெழுத்தும் வாங்க வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோர் சம்மதத்தோடு, 7 முதல் 11 வயது வரை வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவும் தேவை.

நம் ஆய்வில் கமிட்டி கட்டாயம் கேட்கும் கேள்வி: ஸ்கோர் 2 வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? குறித்துக்கொண்டு மறுநாள் எப்படி முற்றுகிறது என்று பார்க்கக் கூடாது. உடனே பணியிலிருக்கும் ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லி, கேனுலாவை எடுக்கச் சொல்ல வேண்டும். அந்தக் கேனுலாவின் முடிவு அதோடு பதிவாகிவிட்டது. இதை நெறிமுறைப் பகுதியில் ஒரு பத்தியாக எழுதிவிட்டால் கேள்வியே வராது.

ஏதாவது ஒன்றைக் கொடுத்து அல்லது செய்து பார்க்கும் ஆய்வாக இருந்தால் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவும் வேண்டும். கட்டணம் இல்லை. 2018 ஏப்ரலிலிருந்து முன்பதிவு மட்டுமே. முதல் நபரைச் சேர்த்த பிறகு போனால் ஏற்க மாட்டார்கள். திருப்பிக் கேள்வி கேட்பார்கள், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

பைலட்

முதன்மை ஆய்வுக்கு முன் செய்யும் சிறு ஒத்திகை இது. பத்தில் ஒரு பங்கு, நமக்கு ஒன்பது பேர். ரிசல்ட் பார்ப்பதற்காக இல்லை. எங்கே இடிக்கிறது என்று பார்க்கத்தான். பைலட்டில் 'பயன் நிரூபணமானது' என்று பி மதிப்பு (வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) எழுதுவது வழக்கமாகிவிட்டது. எழுதாதீர்கள். ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, கேனுலா போட்ட நேரம் கேஸ் ஷீட்டில் இருக்கிறதா, எந்தக் கேள்விக்கு நோயாளி விழிக்கிறார் என்பவைதான் அங்கே கிடைக்க வேண்டியவை. பைலட்டில் வந்தவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்கக் கூடாது.

டேட்டா எடுக்கும் நாட்கள்

நிபந்தனைக்குள் வரும் எல்லாரையும் வரிசையாகச் சேருங்கள். காலையில் கண்ணில் படுபவர்களை மட்டும் சேர்த்தால், இரவு கேஷுவாலிட்டியில் அவசரமாகப் போட்ட கேனுலாக்கள் விட்டுப்போகும். அவைதான் பெரும்பாலும் சீக்கிரம் கெடுகின்றன.

'24, 48, 72 மணியில் பார்ப்பேன்' என்று எழுதிவிடுகிறார்கள். இரவு 11 மணிக்குப் போட்ட கேனுலாவை இரவு 11 மணிக்கு யார் போய்ப் பார்ப்பது? அதைவிட, தினமும் காலை 9 முதல் 11, மாலை 3 முதல் 5 என்று இரு சுற்று வைத்து, போட்டதிலிருந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று குறிப்பது நடக்கக்கூடியது. 72 மணி வரை, அல்லது கேனுலாவை எடுக்கும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. ஒரு நோயாளிக்கு ஒரு கேனுலாதான், முதலாவது. இரண்டாவதையும் சேர்த்தால் ஒரே ஆளின் நரம்பை இருமுறை எண்ணுகிறீர்கள். போட்ட நேரம் தெரியாதவை விலக்கு. இந்த விதிகள் எல்லாம் முதல் நோயாளிக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

எக்செல்லில் ஒருவருக்கு ஒரு வரி. பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனி நோட்டில், பூட்டிய அலமாரியில். வயது தெரியாதவருக்கு 99 என்று போட்டுவிட்டு மறந்துவிட்டால், சராசரி வயது ஏறிப்போய் நிற்கும். கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். அன்றைய டேட்டா அன்றே ஏறட்டும்.

கணக்குப் பகுதி

81 பேரில் 24 பேருக்கு வந்தது என்றால் 29.6 சதவீதம் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 95 சதவீத நம்பக எல்லையையும் (உண்மைச் சதவீதம் இருக்கக்கூடிய வீச்சு) சேருங்கள்: 19.7 முதல் 39.6 வரை. அடுத்து, கேனுலா அளவு, இடம், மருந்து என்று திட்டமிட்ட காரணிகளுக்கு மட்டும், ஃப்ளெபைடிஸோடு தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனை. ஏதேனும் கட்டத்தில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5க்குக் கீழே போனால் ஃபிஷர் எக்ஸாக்ட். 12 சமூக விவரங்களை வரிசையாகச் சோதித்தால், எந்தத் தொடர்பும் இல்லாதபோதும் ஏதாவது ஒன்றில் பி மதிப்பு 0.05க்குக் கீழே வர 46 சதவீத வாய்ப்பு உண்டு (0.95ஐப் பன்னிரண்டு முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள், அந்தச் சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்ட கணக்கு). 'மதத்துக்கும் வலிக்கும் தொடர்பு காணப்பட்டது' என்ற வகை முடிவுகள் இப்படித்தான் பிறக்கின்றன. புள்ளியியல் ஆலோசகரிடம் காசு கொடுத்து வேலையை ஒப்படைப்பவர்கள், குறைந்தபட்சம் எந்தச் சோதனையை ஏன் போட்டார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதுவது, ஒப்படைப்பது

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ஆம் ஆண்டு விதிப்படி, பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் திருத்தி மீண்டும் ஒப்படைக்க வேண்டும். சீனியர் தீசிஸிலிருந்து எடுத்த முறையியல் அத்தியாயமே பெரும்பாலும் மாட்டிவிடும். வார்டில் என்ன செய்தீர்களோ அதை உங்கள் சொல்லில் எழுதினால் ஒப்புமை தானாகவே குறையும். எத்தனை பேர் தகுதியாக இருந்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்ற ஓட்டப்படம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

வைவாவுக்கு மூல டேட்டா ஷீட், கப்பா கணக்கு, ஒப்புதல் படிவங்களின் கட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். 'ஏன் இந்த எண்ணிக்கை?', 'ஏன் இந்த டெஸ்ட்?', 'மறுத்தவர்கள் எத்தனை பேர்?' என்ற மூன்றும் தவறாமல் வரும். மறுத்தவர்களின் எண்ணிக்கையைத் தினமும் குறித்து வைக்காதவர்கள்தான் மூன்றாவதில் திணறுவார்கள், ஏனென்றால் அதைப் பின்னால் எங்கிருந்தும் எடுக்க முடியாது.